நூல் பிடித்தல்

அறுபத்தெட்டு மாடல் ஹெரால்டு.
வாங்கிய நாள்முதல்
இடப்பக்கம் இழுக்கும்.
கெடிலம் பாலத்தில் ஸ்டீயரிங்கை
ஒரு மணி முள்ளளவு வலத்தே பிடித்தால்தான்
சாலை நேராகும் எனக்கு.

செம்மண்டலம் ஷெட்டில் இருதயநாதன்
முன்சக்கரத்தைப் பிடித்து அசைத்தார்.
விழப்போகும் பல்லாய் ஆடிற்று.
'கிரீஸ் அடிச்சது யாரு?'
நான்தான்.
'இந்த மூட்டுக்கு எண்ணெய்தாம்மா.
கிரீஸ் வெச்சா உள்ள காய்ஞ்சு கல்லாயிடும்.'
ஒன்பது வருஷம்
அவ்வளவு அன்பாக அடித்தேன்,
ஞாயிறு தவறாமல்.

ரேக்கைத் தாங்கியிருந்த ரப்பர்
டீயில் ஊறிய பொறைபோல் பிய்ந்து வந்தது.
அந்த இடத்தில் அலுமினியக் கட்டை.

பிறகு நூல்.
பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை
பூக்கட்டும் நூலை இழுத்துக் கட்டி
இரும்பு ஸ்கேலில் அளந்தார்.
டை ராடில் அரைச்சுற்று.
அளந்தார்.
கால்சுற்றைத் திரும்ப எடுத்தார்.
காற்றடித்தால் நூல் அதிரும்.
அது அடங்கும்வரை
ஷெட்டில் யாரும் பேசவில்லை,
ரேடியோவைத் தவிர.
பில்லில் எண்ணெய் இருந்தது, கட்டை இருந்தது.
நூலுக்குக் காசில்லை என்றார்.

சாயங்காலம் சில்வர் பீச் சாலை.
வண்டி நூல் பிடித்தாற்போல் போகிறது.
நான்தான் வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி
எதிரே வந்த சுண்டல் வண்டிக்காரரிடம்
திட்டு வாங்கினேன்.
கை கேட்கவில்லை.
இல்லாத இழுப்போடு
மல்லுக்கட்டிக்கொண்டே வருகிறது தோள்.

கடல் வந்ததும் ஒரே ஒடியில் திருப்பினேன்.
நடுவில் படுத்திருந்த மாட்டைச் சுற்றி
முழு வட்டம்.
அது அசைபோடுவதை நிறுத்தவில்லை.
இன்னொரு வட்டம் போட்டேன்.