சிவப்பு ஊசி

முதல்ல தொலைஞ்சது ஒரு செருப்பு.
பாம்பன் பஸ் ஸ்டாண்டுல இருந்து சின்னப்பாலம் வரைக்கும்
ஒத்தச் செருப்போட நடந்து வந்திருக்கேன்.
வாசல்ல என் மகதான் பார்த்துச் சொன்னா.

அப்புறம் குருசடைப் பக்கம்
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கையில
தண்ணிக்குள்ள செக்கச் செவேல்னு ஒரு புகை.
யாருக்கோ அடின்னு திரும்பிப் பார்த்தேன்.
என் பெருவிரல்தான்
கல்லுல கிழிஞ்சு கிடந்துச்சு.

மண்டபம் ஆஸ்பத்திரியில
ரெஜினா சிஸ்டர் சீட்டைப் பார்த்துட்டுச் சொன்னாங்க,
ஒடம்புல பி பன்னெண்டு இல்லையாம்,
நரம்பு பட்டினி கிடக்காம்.
மூணு வேளையும் மீன் திங்கிற ஊர்ல
என்ன சிஸ்டர் பட்டினி?
சக்கரை மாத்திரை பண்ணுன வேலையாம்.
ஆறு வருசமா
சக்கரையப் பிடிக்கப் போன வலையில
அதுவும் சேர்ந்து போயிருக்கு.

மருந்து குப்பிக்குள்ள
சோடா கலர் மாதிரி சிவப்பா இருந்துச்சு.
ஒருநாள் விட்டு ஒருநாள்.
நாலாவது ஊசிக்கு
நெத்தியில ரெண்டு, தாடையில அஞ்சு,
கன்னத்துல எண்ண முடியல.

நாப்பத்தி மூணு வயசுல பரு.

வத்தையில ஏறுனதும் நம்புவல்லி ஆரம்பிச்சா:
"இவ ரெண்டாந்தடவ சமைஞ்சுட்டாடி,
தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புங்க,
ஓலை கட்டணும்ல!"
தாய்மாமன் திருப்பூர்ல வாட்ச்மேன்.
வத்தை ஆடுற ஆட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்க,
எனக்கும் சிரிப்பு வந்துச்சு.
சிரிச்சா தாடை வலிக்குது.

மருந்துக்கடைப் பையன்
"பாப்பாவுக்கா அக்கா?"ன்னான்.
ஆமான்னுட்டேன். அறுபத்தெட்டு ரூவா டியூப்பு.
பாப்பா முகம் உரிச்ச நுங்கு.
அவகிட்ட ஒளிச்சு வச்சுப் பூசுறேன்,
அவ வயசுல ஃபேர் அண்ட் லவ்லியை
எங்கம்மாகிட்ட ஒளிச்ச அதே அரிசிப் பானைக்குப் பின்னால.

முங்குனா கண்ணாடி ரப்பர்
பருவுல அழுத்துது,
உப்புத்தண்ணி போய்
ஊசியா இறங்குது.
ஆறாவது ஊசிக்குக் கையைக் காட்டாம
முகத்தைக் காட்டினேன்.
"நிறுத்தலாம், டாக்டர்கிட்டக் கேப்போம்,
பருவும் போயிரும்"னாங்க சிஸ்டர்.
கால் என்ன ஆகும்னு நான் கேக்கல,
அவங்களும் சொல்லல.
வெளிய பெஞ்சுல உக்காந்து
ரொம்ப நேரம் பாதத்தைப் பார்த்துட்டிருந்தேன்.

திரும்பி வர்ற வழியில,
ரோட்டு முக்குல,
வலது செருப்பு வார் அறுந்துச்சு.

அறுந்தது தெரிஞ்சுச்சு.
தார் சுட்டுச்சு.
அங்கயே நின்னு
காலை மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தேன்.
சுடுது, சுடுது.

அறுந்த செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு
ஆஸ்பத்திரிக்கே திரும்பினேன்.
சிஸ்டர் சாப்பிடப் போறதுக்குள்ள
போகணும்.