காலி

தடா தாண்டி, ஏரிக்கரைச் சாலை
உப்புத்தரையில் போய் முடிகிற இடத்தில்
ஒன்பது இறால் குட்டைகள்.
நாலாவது என் பொறுப்பு. இரவில் மட்டும்.

சேர்ந்த முதல் வாரம்
கோட்டய்யா கரையிலிருந்து கத்தினான்:
"காலி காவாலி, காலி!"
தீவனம் தீர்ந்த சாக்கு ஒன்றை
உதறி, மடித்து, கொண்டுபோய்க் கொடுத்தேன்.
சாக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
நடந்துபோய் சுவிட்சைத் தட்டினான்.
சக்கரங்கள் தண்ணீரை வாரி
ஆள் உயரத்துக்கு எறிந்தன.
அவன் பாஷையில்
காலி என்றால் காற்று.

சும்மா கிடக்கும் தண்ணீருக்கு
மேல்தோல் மட்டும்தான் காற்றில் படும்.
உடைத்து எறிந்தால்
துளிக்கொரு தோல்.
அத்தனையும் மூச்சு வாங்கிக்கொண்டு
திரும்பி விழும்.
இதற்குத்தான் மோட்டார், டீசல், நான்.

பகலெல்லாம் பாசி காற்றைக் கொடுக்கும்.
இருட்டினால்
கொடுத்தவனே கடன் கேட்டு நிற்பான்.
விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்
எந்தக் குட்டையையும் நம்பக்கூடாது.

தொண்ணூற்றிரண்டாம் நாள்.
மூன்று நாளாக வெயில் இல்லை.
இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது.

ஆறு சக்கரங்களும்
ஒவ்வொன்றாகக் கை ஓய்ந்தன.
இத்தனை நாளும் இங்கே
தவளைகள் இருந்திருக்கின்றன என்று
அப்போதுதான் தெரிந்தது.

ஜெனரேட்டர் ஒரு தடவை செருமியது,
அவ்வளவுதான்.
பேட்டரி செத்துப்போயிருந்தது.
கோட்டய்யா பைக்கை உதைத்துக்கொண்டு
பக்கத்துப் பண்ணைக்குப் போனான்.

மீட்டரை இறக்கினேன்.
மூன்று.
இரண்டு புள்ளி நாலு.
டார்ச் அடித்தேன்,
கரையோரமெங்கும்
சிவப்புச் சிவப்பாகக் கண்கள்.
அடியில் இருக்கவேண்டியவை
மேலே வந்து
வானத்தை முட்டிக்கொண்டிருந்தன.

நெல்லூரிலிருந்து முதலாளி.
"எவ்வளவு?"
நாலு என்று சொல்லியிருக்கலாம்.
"ஒண்ணு எட்டு" என்றேன்.
அதற்கப்புறம் போனில்
அவர் மூச்சு மட்டும் கேட்டது.

தீவனக் கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு
பிளாஸ்டிக் பேசினோடு உள்ளே இறங்கினேன்.
மார்பளவு.
வாரினேன், எறிந்தேன்.
வாரினேன், எறிந்தேன்.
இரண்டு ஏக்கர் தண்ணீரை
ஒரு பேசினால் திருப்ப முடியாது என்று
தெரியாமல் இல்லை.
மீட்டர் என்னை மதிக்கவே இல்லை.

ஆனால் அவை வந்தன.
நான் எறிகிற இடத்துக்கு மட்டும்,
எங்கிருந்தோ, கூட்டம் கூட்டமாக.
தொடையில், முழங்கை மடிப்பில்,
புடவைக்குள்,
நூறு நூறு மீசைகள் தடவித் தடவிப் பார்த்தன.
நிறுத்த முடியவில்லை.
தோள் கழன்றுபோனது மாதிரி இருந்தது,
அப்போதும்.

பைக் வெளிச்சம் வரப்பில் குதித்து வந்தது.
பெட்ரோல் டேங்க்மேல், தொடைகளுக்கு நடுவே
பேட்டரியைப்
பிள்ளை மாதிரி இடுக்கிக்கொண்டு அவன்.
"காலி லேதா?" என்று கத்தினான்.
காற்று இல்லையா என்று கேட்கிறான்.
எனக்குக் கேட்டது
எல்லாம் முடிந்துவிடவில்லையே என்று.
இரண்டுக்கும் சேர்த்து
"லேது! லேது!" என்று நானும் கத்தினேன்.

நாலு பத்துக்குச் சக்கரம் சுழன்றது.
மீட்டர் ஒன்று எட்டிலேயே நின்றது.
நின்றது.
நெடுநேரம் நின்றது.
பிறகு ஒன்று ஒன்பது.

விடிந்தபின் வலைக்கூடையில் அள்ளியது
பதினேழு கிலோ.
மீதி, அடியில் மேய்ந்துகொண்டிருந்தது,
எதுவுமே நடக்காத மாதிரி.
கோட்டய்யா வரப்பிலேயே
செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டான்.

பதிவேட்டில் மணி, அளவு, கையெழுத்து.
குறிப்பு என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்.
ஈரக் கையோடு அதில்
"காலி வந்தது" என்று எழுதினேன்.
திங்கட்கிழமை
கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் கணக்குப்பிள்ளை
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்பார்,
என்னம்மா பவுனு,
எது காலி?