பெட்டி 212, ஒரு செவ்வாய்

ஒரு மனிதரின் ஒரே ஒரு நாள்
அறுபத்திரண்டு தாள்.
மனாமாவில், ஹூராவுக்குள்,
சலவைக்கடைக்கு மேல்மாடியில்
கையுறை மாட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாய் ஸ்கேனரில் கிடத்துகிறேன்.
தாளுக்கு நாற்பது ஃபில்ஸ்.

அதிபர் வந்துபோன நாள்.
எந்த நாட்டு அதிபர் என்று சொன்னாலும்
இப்போது விளங்காது,
நாடே பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது.

6.10: விழித்தார்.
6.25: தொலைபேசி, மூன்று நிமிடம்.
யாரோடு என்ற இடத்தில் ஒரு கோடு.
7.00: முட்டை இரண்டு. ஒன்றைத் தொடவில்லை.
தொடாத முட்டைக்கும் ஒரு வரி எழுதி
கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார் எவரோ.
8.15: மருத்துவர். இரத்த அழுத்தத்தைக்
கறுப்பு மையால் அடித்திருக்கிறார்கள்;
வெளிச்சத்தில் பிடித்தால்
நூற்று அறுபது தெரிகிறது.
தெரிந்தது எதையும் தெரிந்ததாகக் காட்டக்கூடாது,
ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து.

தாள்தோறும் படிவம் ஒன்று:
பொருள், இடம், பெயருள்ளவர்கள்.
நாற்பத்தொன்பது முறை அடித்ததில்
அதிபர் பெயர் விரலுக்கு மனப்பாடம்.
கல்யாணமான புதிதில்கூட
புருஷன் பெயரை இத்தனை தடவை எழுதியதில்லை.

10.40: கார்கள் கிளம்பின, பதினொன்று.
11.07: வரிசை நின்றது. மூன்றாம் வாசல்.
11.09: நகர்ந்தது.
காரணம்:

அவ்வளவுதான். காலி.
முட்டைக்கு வரி எழுதியவர்களுக்கு
இந்த இரண்டு நிமிடத்துக்கு ஒரு சொல் அகப்படவில்லை.
பாதுகாப்பு அதிகாரியின் கடிதம் ஒன்று உண்டு;
'மேற்படி தாமதம்' என்று தொடங்கி
வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு முடிந்துபோகிறது.

ஐம்பத்தேழாவது, உள்ளங்கையளவு ரோஸ் தாள்.
சித்ரா ஐஸ் ஆலை ரசீது.
நாற்பது பாளம். இரண்டில் உடைசல்.
இறக்கிய இடம் மூன்றாம் வாசல். மணி 11.08.
பெற்றவர் அரபியில் கிறுக்கியிருக்கிறார்.
கொடுத்தவர் இடத்தில்
நீலமாய் ஊறிப்போன ஏதோ.

கறை, என்றது கணினி. நீக்கவா?

பெரிதாக்கினேன்.
கலங்கலுக்கு நடுவே ஒரு துணைக்கால்.
அதற்கு இந்தப் பக்கம், எழுத்தின் தலைமேல்,
அழுத்தி வைத்த ஒரு புள்ளி.
கறைக்குப் புள்ளி வைக்கத் தெரியாது.

சந்தியாகு.

பின்னால் பதினொரு கார் நிற்பது
லாரிக் கண்ணாடியில் தெரிந்ததோ இல்லையோ.
கையெழுத்து வாங்காமல் வண்டியை எடுத்தால்
உடைந்த இரண்டும் தன் சம்பளத்தில்தான் என்று
அவருக்குத் தெரிந்திருக்கலாம்.
இதெல்லாம் தாளில் இல்லை.
தாளில் இருப்பது ஒரு சொட்டு,
பாளத்திலிருந்தோ நெற்றியிலிருந்தோ,
போட்ட கையெழுத்தின் மேலேயே விழுந்தது.

பெயருள்ளவர்கள் கட்டத்தில் அடித்தேன்.
தமிழ் அங்கே சின்னச் சின்னச் சதுரங்களாக நின்றது.
"வாசிக்க இயலாதது என்று போட்டுவிடு,
வேன் வந்துவிடும்," என்றாள் பெனடிக்டா.
வாசித்துவிட்டேனே என்றேன்.
"எதில்?" என்றாள்.

ஆங்கில எழுத்துக்கு மாறினேன்.
'த'வுக்கு ஓர் எழுத்தா இரண்டா?
பாஸ்போர்ட்டில் எப்படி இருந்தாரோ.
ஏதோ ஒன்றை அடித்து,
நீக்கவா என்ற கேள்விக்கு
வேண்டாம் என்று தட்டி,
அடுத்த தாளை எடுத்தேன்.

விருந்துக் குறிப்பு. 12.50: பழரசம்,
போதிய குளிர்ச்சியுடன் பரிமாறப்பட்டது.

22.40: விளக்கு அணைந்தது.

அடுத்தது பெட்டி 213, புதன்கிழமை.
அதிபர் விடியலிலேயே போய்விட்டார்.
மொத்தம் நாலே தாள்,
நூற்று அறுபது ஃபில்ஸ்.