அரைப்பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரி, பதிவேட்டு அறை.
மழை விட்டும் தகரம் சொட்டுகிறது.
கட்டில் சீட்டின் முதல் பக்கத்தில்
"காய்ச்சல், இடுப்பு வலி."

அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்
மேற்கணக்கு சிவபாக்கியம், நாற்பத்து நாலு வயது,
தோட்டத்து மருந்துக்காரரிடம், ஒன்பது நாளும்.
இடுப்புக்குக் கீழே
அவள் வாய் இறங்கவில்லை.
கொழுந்து குறைந்து
அதில் ஐந்து நாள் அரைப்பேர்.

நடுக்கத்தோடு வந்த பத்தாம் நாள்
வாட்டு மிஸ் திரையை இழுத்துவிட்டு
"உக்கார முடியுதா?" என்று மட்டும் கேட்டாளாம்.
பஸ்ஸில் இடமிருந்தும் நின்றே வந்தவள்
அப்போதுதான் அழுதாளாம்.

விரல் வைத்துப் பார்த்தது, கீறியது,
அறுபது மில்லி சீழ்,
குழிக்குள் திணித்த துணி:
எல்லாம் எழுதியிருக்கிறது.
ஆனால் ஒரு கையெழுத்து 'ஆசனவாயோரம்' என்கிறது,
இன்னொன்று 'மலக்குடல் வரை'.
புள்ளிக்குப் பிறகு பூச்சியமா, இரண்டா?
கத்தி பிடித்தவரின் குறிப்பை நம்பி எழுதினேன்:
கே 61.2.
சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. அதற்கும் ஓர் எண்;
இங்கே வரும்வரை
அவளுக்கே தெரியாதது.

துண்டு வாங்க வந்தாள்.
"என்னா வருத்தம்னு போட்டிருக்கீங்க?"
எண்ணைக் காட்டினேன்.
கிட்ட வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.
"கங்காணிக்கு இத வாசிக்கத் தெரியாதுல்ல?"
"தெரியாது."
"கணக்கப்பிள்ளைக்கு?"
"அவருக்கும்."

நாலாய் மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.
கதிரையை நகர்த்தினேன்.
அதைப் பார்த்து
லேசாகச் சிரித்தாள்,
நின்றபடியே.