அமாவாசை இலவசம்

தொட்டி இரண்டு வகை என்றார் றிஸ்வி நானா,
புறக்கோட்டையிலிருந்து, தொலைபேசியில்.
பிளாஸ்டிக் மலிவு. சுருள் இலகுவாய் ஏறும்,
ஈரம் படாதவரை.
எவர்சில்வர் விலை கூட. விரல் பழகவேணும்.
"உங்கட பக்கம் வெக்கையோ?"

ஆவணி மாதம். துணுக்காய்.
குழாயைத் திறந்தால்
தேத்தண்ணிக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.

மருந்துக்கு வேண்டியது இருபது பாகை.
இருபதை நான் கண்டது
பால் சேகரிப்பு நிலையத்துக் குளிரூட்டியில் மட்டும்,
அதுவும் நாலை நோக்கி அது இறங்கிப் போகும் வழியில்.
அங்கேதான் எனக்கு வேலை.
மாட்டு வைத்தியர் தனது வெப்பமானியைத் தந்தார்.
அது முப்பத்தைந்தில் தொடங்குகிறது.
மாடு அதற்குக் கீழே போனால்
அளக்க ஒன்றுமில்லை என்றார்.
திருப்பிக் கொடுத்துவிட்டுப்
பால் அளக்கும் பழையதொன்றைக்
கையெழுத்து வைத்து எடுத்துவந்தேன்.

உலோகம் குளிரை உடனே உள்ளே விடும்.
பிளாஸ்டிக் யோசிக்கும்.
ஐஸ் வாளிக்குள் நின்று யோசிப்பவரோடு
எனக்குச் சரிவராது.
எவர்சில்வர் என்றேன். அடியில் சின்ன நெளிவு,
ஆயிரத்தைந்நூறு குறைத்தார்.

எங்கள் கேத்திலின் அடியில்
விரல்நகக் கனத்தில் சுண்ணாம்பு.
அந்தத் தண்ணீர் ஃபிலிமில் காய்ந்தால்
எல்லார் முகத்திலும் அம்மை போடும்.
கடைசி அலசலுக்கு
மல்லாவிக் கராஜில் பற்றரித் தண்ணி, இரண்டு போத்தல்.
"என்ன வாகனம், அக்கா?" என்றான் கஜவதனன்.
கமரா என்றேன்.
அவன் என் கைப்பையைப் பார்த்தான்,
பற்றரி எங்கே என்று.

பட்டியலில் நான் வெட்டியது ஒன்று:
கைநுழைக்கும் கறுப்புப் பை. எட்டாயிரம்.
எதற்கு?
என் அறைக் கூரைத் தகரம் முன்பு வேறொரு வீட்டில் இருந்தது.
ஆணிகள் இடம் மாறின, ஓட்டைகள் மாறவில்லை.
பகலில் எண்ணினேன், பதினேழு.
எல்லாம் ஆணியுடையவை அல்ல.
ஆனால் அமாவாசைக்கு
ஒருவரும் விலைச்சீட்டு எழுதுவதில்லை.

பழுதான சுருளொன்றை மடியில் வைத்து
மாங்குளம் பஸ்ஸில் கண்மூடிப் பழகினேன்.
பக்கத்துச் சீட்டுக்காரி
நான் செபமாலை உருட்டுவதாய் நினைத்து
எழும்பி இடம் விட்டாள்.

புரட்டாசி அமாவாசை, ஒன்றரை மணி.
முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது.
மெயின் சுவிட்சை இறக்கினேன்.
கதவிடுக்கில் மச்சாள் பவளராணியின் போர்வை.
என் கை எனக்கே தெரியவில்லை. நல்லது.
மூடியைக் கழற்றி, நுனியை வெட்டி,
நடுவில் கொளுவி
சுற்றத் தொடங்கினேன்.
மூன்றாம் சுற்றில் ஒரு நொடிப்பு. அவிழ்த்து மீண்டும்.
வியர்வை முழங்கையால் இறங்கியது.

அப்போது வந்தது,
பதினேழில் ஒன்றின் வழியாக,
பச்சை.

மின்மினிக்கு மெயின் சுவிட்ச் இல்லை.
எரிந்தது. அணைந்தது.
எங்கே எரியும் அடுத்தது என்று
எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.
சுருளை நெஞ்சோடு அணைத்துக்
குனிந்து
சட்டைக்குள் சுற்றி முடித்தேன்,
பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் போல.
தொட்டியின் மூடி விழுந்து பொருந்திய சத்தம்
அவ்வளவு இனிமையாய் இருக்குமென்று
றிஸ்வி நானா சொல்லவில்லை.

அதன்பிறகு எல்லாம் வெளிச்சத்தில்:
ஐஸ் கரையக் கரைய இருபத்தொன்று, இருபத்திரண்டு,
நிமிடத்துக்கொருமுறை கவிழ்த்து நிமிர்த்தி,
தரையில் ஒரு தட்டு.

விடியக் குளியலறைக் கயிற்றில்
இரண்டு உடுப்புக் கிளிப்பில் தொங்கியது.
கீழே பாரத்துக்கு இன்னும் இரண்டு.
"ஆற்ற படம்?" என்றாள் மச்சாள், தூரிகையை வாயில் வைத்தபடி.
பால் கான்கள். சைக்கிள்கள். உன்ர கால்.
"என்ர கால் ஏன்?"
ஃபிலிமை முடிக்க.

பதினோராம் கட்டத்தில்
கான்களுக்கு மேலே, வானமாய் இருக்கவேண்டிய இடத்தில்
உளுந்தளவு கறுப்பு.
மின்மினியோ,
நொடித்த இடமோ,
என் பெருவிரலோ.
பூதக்கண்ணாடி பட்டியலில் இருக்கவில்லை.

நானாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
அந்தப் பை இன்னும் இருக்கோ?
விலை குறைக்கவேண்டாம்.