நெற்றிச் சாயம்

ரெதுய்யில் மழை ஓயாத ஜனவரி.
பிளாஸ்டிக் பையில் ஐந்து பாகற்காயோடு
முதலில் மண் பிரிவுக்குப் போயிருக்கிறாள்.
மண் எங்கே என்றார்களாம்.
பயிர்நோய்ப் பிரிவில்
இது நோயில்லை, காயம் என்றார்களாம்.
காப்பீட்டு ஜன்னலில் புயலுக்கு மட்டும்தான் பாரம்.
வழி தப்பிக் கால்நடைப் பிரிவில் நின்றபோது
ஊசிக்கு வந்த ஆடொன்று
பையை முகர்ந்து முகம் திருப்பிக்கொண்டதாம்.
'இந்த இலாகாவில் உருப்படியாகப் பார்த்தது
அது ஒன்றுதான்.'
கிரியோலில் சொன்னாள்.
தமிழில் எழுதினால் கொஞ்சம் மரியாதை கூடிவிடுகிறது.

கடைசி அறை எங்களுடையது, பூச்சிப் பிரிவு.
காயைப் பிளந்தேன்.
சோற்றுப் பருக்கை நிறத்தில் புழுக்கள்
வெளிச்சம் பட்டதும் வில்லாய் வளைந்து
மேசைமேல் துள்ளின.
அவள் பின்வாங்கவில்லை.
எண்ணினாள்.

பதிவேட்டின் முதல் கட்டத்தில் பூச்சியின் பெயர்:
ஜூகோடாகஸ் குக்குர்பிட்டே.
ஓரெழுத்து பிசகினாலும்
சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவார் மேலதிகாரி.
இரண்டாம் கட்டத்தில் தோட்டக்காரர் பெயர்:
திலகாவதி வலேதோன், லா லோரா.
வலேதோன்.
கப்பலிலிருந்து இறங்கிய வேலாயுதம் ஒருவரை
எந்தக் குமாஸ்தாவோ
காதில் விழுந்தபடி எழுதியது.
அதை யாரும் சுழிக்கவில்லை.
என் அடையாள அட்டையில்
அருணாசலம் இருக்குமிடத்தில் அர்னாசெலோம் இருக்கிறது.

என்ன மருந்து என்றாள்.
ஈ விடுவோம் என்றேன்.
ஈயால் கெட்ட தோட்டத்துக்கு ஈயா?
ஆண் ஈக்கள், நாங்களே வளர்த்தவை,
கதிர் காட்டி மலடாக்கியவை,
கூடும், முட்டை பொரிக்காது என்று விளக்கினேன்.
'பிள்ளை தராத மாப்பிள்ளைகளை
அரசாங்கமே சீர் செய்து அனுப்புகிறதா!'
எத்தனை?
உங்கள் அரை ஆர்ப்பானுக்கு வாரம் இரண்டாயிரம்.
விலை?
இலவசம்.
அப்போதுதான் சந்தேகமாகப் பார்த்தாள்.

செவ்வாய் விடியல்.
பீட்டர் பொத் மலையின் தலைக்கல் மேகத்துக்குள்.
பாகல் பந்தலடியில் காகிதப் பையைக் கிழித்தேன்.
உடனே பறக்கவில்லை.
விளிம்பில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டன,
நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள் மாதிரி.
பிறகு அவள் முழங்கைமேல் ஏறின.
வாழ்நாளெல்லாம் ஈயை அடித்த கை
பேருந்தை நிறுத்துவதுபோல் நீண்டு
அசையாமல் நின்றது.

மூன்று வாரம் கழித்துப் பொறியைத் திறந்து
இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் கொட்டினேன்.
அனுப்பும் முன் கூட்டுப்புழுக்களைச் சாயப்பொடியில் புரட்டுவோம்.
ஓட்டை நெற்றியால் முட்டி உடைத்து வெளிவரும் ஈ.
அந்த மடிப்பில் ஒட்டிய பொடி
எந்த மழைக்கும் போகாது.
மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.
நூற்று எழுபத்தொன்றின் நெற்றியில் ரோஜா நிறம்.
காவடிக்கு உடுத்தும் அதே ரோஜா.
காவடி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.
அவள் கால் கொப்புளத்தோடு வந்திருந்தாள்,
குனிந்து பார்த்தாள்.

அவள் விரல் நின்றது சாயமில்லாத நாற்பத்துமூன்றில்.
'இவை?'
உங்கள் ஊர் ஈக்கள்.
'ஊர் ஈக்கள் என்றால்? இங்கேயே பிறந்தவையா?'
அவற்றின் முப்பாட்டன்கள் கப்பலில் வந்திருக்கலாம்,
பாகற்காய்க்குள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
விளக்கின் ஊதா அவள் பற்களில்.
'அப்படியும் பெயரைச் சரியாக எழுதிவைத்திருக்கிறீர்கள்.'

பையிலிருந்து ஐந்து காய் எடுத்து வைத்தாள்.
இரண்டில் ஊசி குத்திய புள்ளி இருந்தது.
சேவை முடிந்ததா என்ற கட்டத்தை
நான் காலியாக விட்டேன்.

வாசலில் திரும்பி,
மாமரத்துக்கு வௌவால் வலை எந்த அறையில் என்றாள்.
மாடி ஏறி மூன்றாவது கதவு.
இன்று பூட்டியிருக்கும்.