இரண்டு ஆர்

பெயரில் ஓர் எழுத்து தப்பினால்
கட்டுரைக்குப் பூஜ்யம்.
மொன்டேவிடியோவில், இரண்டாம் பருவத்தில்
எங்களுக்கு இருந்த ஒரே சட்டம்.

துறைமுகத்தில் கிரேன் சரிந்த அன்று
காவல் நிலையக் குறிப்பில்
எச்செவெரிக்கு ஒரு ஆர்தான்.
சந்தேகம்.
டைரக்டரியில் தேடி அழைத்தேன்.

"இரண்டு ஆர், மகளே.
வங்கிக்காரர்களே தப்பாகத்தான் எழுதுவார்கள்."
சிரித்தது ஒரு பெண் குரல்.
பின்னால் வானொலி,
எண்ணெயில் ஏதோ பொரியும் சத்தம்.
"என் ரமீரோவுக்கு
பரிசு ஏதும் விழுந்திருக்கிறதா?"

யார், என்ன, எங்கே, எப்போது
நான்கும் என் தாளில் இருந்தன.

பிறகு கூப்பிடுகிறேன் என்றேன்.

பத்துக்கு ஒன்பதரை.
முதல் வாக்கியம் சற்று நீளமாம்.
இரண்டாவது ஆர் மேல் மட்டும்
பச்சை மையில்
சின்னதாய் ஒரு சரிக்குறி.